வேலூரில் ஓடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் காட்பாடிக்காரன். உடற்பயிற்சி அறிவியல் படித்தவன், நெடுந்தூரம் ஓடுகிறவன். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது தெரிந்ததும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கோட்டை ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் கேட்பார்கள். பல் டாக்டர் ஒருவர் நான் வாயைத் திறந்து வைத்திருந்தபோது கேட்டார். அவருக்கு அன்று சொல்ல முடியாத பதிலும் இதில் இருக்கிறது.

படித்தவர் என்றால் மற்றவர்களைவிட வேகமாக ஓடுவீர்களா, சார்?

இல்லை. எங்களோடு ஞாயிறு காலை ஓடும் பால்காரர் ஒருவர் வாராவாரம் என்னை முந்திக்கொண்டு போகிறார். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் தொடையில் அவை என்னுடையதைவிட அதிகம் இருக்க வேண்டும்.

இந்தத் துறைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில் தானே ஓட்டக்காரர். முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் வட்டமடித்து ஓடி, பையில் பிடித்த தன் மூச்சுக்காற்றை அளந்து, ஓட்டத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்த்தார். 1954 மே 6 அன்று ஒரு மைலை முதன்முதலாக 4 நிமிடத்துக்குள் ஓடிய ரோஜர் பேனிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். டிரெட்மில்லில் ஆட்களை ஓடவிட்டு மூச்சை ஆராய்ந்தவர்.

எனக்குப் பிடித்த கதை 1966-இல் சுவீடனில் நடந்தது. பெர்க்ஸ்ட்ராம், ஹல்ட்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரே சைக்கிளை இரு பக்கத்திலிருந்தும் ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள். களைக்கும்வரை மிதித்துவிட்டு, உழைத்த காலிலும் சும்மா இருந்த காலிலும் ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பிறகு சில நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. உழைத்த காலில் மட்டும் கிளைகோஜன், அதாவது தசை சேமித்து வைக்கும் சர்க்கரை, சும்மா இருந்த காலைவிட மளமளவென்று ஏறியிருந்தது. மாரத்தானுக்கு முந்தைய இரண்டு நாள் நாம் சோற்றைக் கூட்டிச் சாப்பிடுகிறோமே, அது அந்தக் கால்களிலிருந்து வந்த பழக்கம்.

படிப்பு எனக்கு வேகம் தரவில்லை. எந்த நாள் ஓடக் கூடாது, எந்த நாள் பாதியில் நிறுத்த வேண்டும் என்பதற்கான காரணங்களைத் தந்தது. அவற்றையும் நான் எல்லா நாளும் மதிக்கவில்லை. அந்தக் கதை கீழே வருகிறது.

என் வாட்ச் விஓ2 மேக்ஸ் 44 என்று காட்டுகிறது. நல்லதா?

உங்கள் உடம்பு ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு, அதிகபட்சம் எத்தனை மில்லி ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற கணக்கு அது. முறையாக அளக்க வேண்டுமென்றால் முகமூடி மாட்டிக்கொண்டு, இனி முடியாது என்கிறவரை டிரெட்மில்லில் ஓட வேண்டும். வாட்ச் அதை அளப்பதில்லை. வேகத்தையும் இதயத் துடிப்பையும் பார்த்து ஊகிக்கிறது. மே மாதம் நம் ஊரில் அதே வேகத்தில் ஓடினாலும் வெயிலால் துடிப்பு கூடும். உங்கள் தகுதி குறைந்துவிட்டது என்று பல வாட்ச்கள் தீர்ப்பு எழுதிவிடும். டிசம்பரில் தானாக ஏறும். போன மே மாதம் ஒருவர் இதைப் பார்த்துப் பயந்து இதய மருத்துவரிடமே போய்விட்டார்.

பைக் வாங்கும்போது எத்தனை சிசி என்று மட்டுமா கேட்கிறோம்? விஓ2 மேக்ஸ் சிசி மாதிரி. எஞ்சின் சூடாகாமல் எவ்வளவு வேகத்தை மணிக்கணக்கில் பிடிக்க முடியும் என்பது இன்னொன்று. தசை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட்டின் பெயரால் அதை லாக்டேட் எல்லை என்கிறோம். மைலேஜ் மூன்றாவது: ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவு. மாரத்தானை முடிவு செய்வதில் பின்னால் சொன்ன இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. பால்காரரிடம் அவைதான் இருக்கின்றன என்பது என் சந்தேகம்.

மெதுவாக ஓடு, மெதுவாக ஓடு என்கிறீர்கள். எவ்வளவு மெதுவாக?

ஓடிக்கொண்டே வீட்டுக்கு போன் போட்டு, வாங்கி வர வேண்டிய காய்கறிகளைத் திணறாமல் கேட்டுக் குறித்துக்கொள்ள முடிகிற அளவுக்கு. எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான, செலவில்லாத கருவி இல்லை.

நார்வேயில் பணிபுரியும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத்தர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்தபோது, பத்தில் ஏறக்குறைய எட்டு நாள் அவர்கள் எளிதான வேகத்தில்தான் உழைக்கிறார்கள் என்று தெரிந்தது. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தினமும் நடுத்தரக் கஷ்டம். மெதுவான நாளில் பெருமைக்காக வேகம், வேகமான நாளில் களைப்பால் மெதுவு.

அதிகபட்ச இதயத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை நம்பாதீர்கள். அது சராசரிக்கான கணக்கு. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலும் கீழும் போகும். 2001-இல் வந்த இன்னொரு சூத்திரம், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொல்கிறது. 40 வயதில் இரண்டுமே 180 என்கின்றன. 60 வயதில் ஒன்று 160, மற்றொன்று 166. இரண்டும் உங்களைப் பார்த்ததில்லை.

வெயிலூரில் எப்படித்தான் ஓடுவது?

இந்தக் கேள்விக்குத்தான் புத்தகங்கள் கைவிட்டன. நான் படித்த பாடங்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டு ஆய்வகங்களில், ஏசி அறையில் எடுத்த எண்கள்.

முதலில் கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கிலோகலோரி செலவாகும். 60 கிலோ ஆள் 10 கி.மீ. ஓடினால் 600. இதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெறும் சூடாகத்தான் போகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற நம்மிடம் உள்ள பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால் என்பதை அடிக்கோடிடுங்கள். சொட்டிக் கீழே விழும் வியர்வை உங்களைக் குளிர்விப்பதில்லை. தண்ணீர்தான் நஷ்டம்.

அதனால் வெப்பமானி மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வெப்பம் குறைவு, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் 26 டிகிரியில்கூடப் பனியன் பிழியப் பிழிய நனையும், உடம்பு ஆறாது. மே மாதம் வேறு கதை. தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை என்று நம் ஊரைப் பற்றிச் சொல்லும் பழைய கிண்டலில் அந்த மரமில்லா மலைதான் ஓட்டக்காரனுக்கு வில்லன். பகலெல்லாம் காய்ந்த பாறை இரவிலும் சூடு விட்டுக்கொண்டே இருக்கும். மலையடிவாரத் தெருக்களில் ஓடிப் பாருங்கள், தெரியும். வெயில் சதம் அடித்தது என்று பேப்பரில் வருகிற வாரங்களில் மாலை ஓட்டத்தை விட்டுவிடுங்கள். மாலை ஆறு மணி தார்ச்சாலை ஒரு தோசைக்கல்.

நல்ல செய்தியும் உண்டு. உடம்பு பழகும். தினமும் ஒரு மணி நேரம்போல, மிதமாக, சூட்டில் உழைத்தால் 10 முதல் 14 நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதில் உப்புக் குறையும், துடிப்பு இறங்கும். சில வாரம் விட்டால் இவை கரைந்துவிடும். ஏசி அறையில் வேலை, ஏசி அறையில் தூக்கம், ஞாயிறு மட்டும் ஓட்டம் என்றிருப்பவர் வேலூரில் பிறந்திருந்தாலும் பழகியவர் ஆக மாட்டார்.

இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். கூட ஓடுகிறவர் தள்ளாடுகிறார், உளறுகிறார், கோபப்படுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். 108-க்கு போன் போட்டுவிட்டு வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், கிடைத்த தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றுங்கள். தொட்டி இருந்தால், தலை மூழ்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, கழுத்துவரை உட்கார வையுங்கள். ஐஸ் கிடைத்தால் ஈரத் துண்டில் சுற்றிப் போடுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் குளிர்விப்பதுதான் உயிரைக் காக்கிறது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அப்படியானால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லையா?

நிறைய என்பதுதான் சிக்கல். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்கு உப்புச்சத்தான சோடியம் குறைந்திருந்தது. முக்கியக் காரணம், வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தது. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் போதும். ஓடுவதற்கு முன் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓடித் துவட்டிக்கொண்ட பிறகு ஒருமுறை நில்லுங்கள். குறைந்த கிலோவோடு இடையில் குடித்த லிட்டரைக் கூட்டினால் உங்கள் ஒரு மணி நேர வியர்வை. மே மாதம் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை பாருங்கள். அதற்குமேல் குடிக்காதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தாகத்தைக் கேட்டாலே சரியாக இருக்கும்.

நீண்ட ஓட்டத்துக்கு ஓஆர்எஸ் நல்லது. பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் முழு ஒரு லிட்டரில், கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் கொட்டிக் குலுக்குகிறவர்களைப் பார்க்கிறேன், வயிறு கலங்கும். உப்பையும் சர்க்கரையையும் குடல் ஒன்றாக இழுக்கும்போது தண்ணீரும் பின்னால் வருகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவை ஓஆர்எஸ்ஸில் சேர்த்தால் காலரா நோயாளிகளின் வயிற்றுப்போக்கு சீக்கிரம் அடங்குகிறது என்று 2000-இல் வெளியான ஆய்வு நம் சிஎம்சியில், அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், நடந்தது. அதை ஓட்டக்காரனுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கிழிக்கும்போது எனக்கு ஒரு சின்ன ஊர்ப்பெருமை உண்டு.

ஓடுவதற்கு முன் கூழ் குடிக்கலாமா?

முந்தைய நாள் குடியுங்கள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றிய கேழ்வரகுக் கூழை, வெங்காயத்தோடு இரண்டு சொம்பு குடித்துவிட்டு மறுநாள் காலையிலும் மிச்சத்தைக் காலி செய்துவிட்டு 21 கி.மீ. ஓடக் கிளம்பினேன். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றும் அத்துப்படி. நார்ச்சத்து நல்லதுதான், ஓடுகிற வயிற்றுக்கு அல்ல. அன்று காலைக்கு இட்லி, சர்க்கரை, வாழைப்பழம் போதும்.

தசையிலும் ஈரலிலும் சேமித்த கிளைகோஜன் சுமார் 2,000 கிலோகலோரிதான். 60 கிலோ ஆளுக்கு மாரத்தான் 2,500 கேட்கும். முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் சுவரில் முட்டியதுபோல் நிற்பது இந்தப் பற்றாக்குறையால். அதனால் ஒன்றரை மணி நேரம் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். பேரீச்சம்பழம், வெல்ல உருண்டை, குளுக்கோஸ் தண்ணீர் எல்லாம் வேலை செய்யும். கடலை மிட்டாயில் கொழுப்பு இருப்பதால் ஓடும்போது மெதுவாகத்தான் இறங்கும், முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர் பிரியாணியும் அப்படித்தான். அதைப் பரிசு என்று நினையுங்கள், எரிபொருள் என்று நினைக்காதீர்கள்.

ஏலகிரியில் உயரப் பயிற்சி எடுக்கலாமா?

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். ரத்தச் சிவப்பணு கூடுவதற்கு 2,000 மீட்டருக்கு மேல், மூன்று நான்கு வாரம் தங்க வேண்டும். உதகை அந்த உயரத்தில் இருக்கிறது, ஏலகிரி இல்லை. ஆனால் ஏற்றத்துக்காகவும் குளிர்ச்சிக்காகவும் போங்கள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது யார் பெயரையும் படிக்கத் தோன்றாது.

இறக்கத்தில் கவனம். தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் நுண்ணிய சேதம் ஏற்படும். இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் போவது அதனால்தான், லாக்டிக் அமிலத்தால் அல்ல. லாக்டேட் ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். அதுவும் குப்பையில்லை, தசையும் இதயமும் அதை எரிபொருளாகவே எரிக்கின்றன. அடுத்த முறை அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது. சோளிங்கர் மலையின் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகளுக்கும் இதே பாடம்.

அம்மா பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிறார். அதுவும் பயிற்சிதானா?

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர், வெறுங்காலில், பேசிக்கொண்டே, இரவுக் குளிர்ச்சியில். நான் மேலே எழுதியதில் பாதியை அம்மா ஏற்கெனவே கடைப்பிடிக்கிறார். மாதம் ஒருமுறை என்பதை வாரம் மூன்று நாள் சின்ன நடையாக்கச் சொல்லுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஏதாவது?

இரண்டு விஷயம். காரணமில்லாமல் களைப்பு என்றால் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள், ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்புக் கையிருப்பு முதலில் அங்கேதான் கரையும். அடுத்தது, பயிற்சி கூடிய பிறகு மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றாலோ அதைத் தொல்லை விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்று உடம்பு சொல்லும் வழி அது. அடுத்த பலி எலும்பு. மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், தட்டில் சோற்றைக் கூட்டுங்கள்.

பிள்ளை இந்தப் படிப்பைப் படிக்க ஆசைப்படுகிறான். சேர்க்கலாமா?

சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920 முதல் இருக்கிறது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிசியோதெரபி வழியாக வருகிறவர்களும் உண்டு. நன்றாக ஓடுகிறான் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். உயிரியலும் புள்ளியியலும் பிடிக்குமா என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் மைதானத்தைவிட நுண்ணோக்கி அதிகம். வேலை என்று பார்த்தால் பள்ளி உடற்கல்வி ஆசிரியர், அணிகளின் பயிற்சியாளர், உடற்பயிற்சி மையம், ஆராய்ச்சி. ஆரம்பச் சம்பளத்தை எஞ்சினியரிங் படித்த பக்கத்து வீட்டுப் பையனுடைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும்.

காயம் வராமல் ஓட என்ன வழி?

நான் சொன்ன கதை இதுதான். சுமை கூடும்போது எலும்பு முதலில் பழையதை அரித்து எடுக்கிறது, பிறகுதான் புதிதைக் கட்டுகிறது. அரிப்புக்குச் சில வாரம், கட்டி முடிக்க மாதக்கணக்கு. அதனால் பயிற்சியைக் கூட்டிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பு கொஞ்ச நாள் பலவீனமாக இருக்கும். மூச்சு அதற்குள் தேறிவிடுவதால் நமக்கு உற்சாகம் பொங்கும். இதைத் தேர்வில் படம் வரைந்து எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அதே ஆண்டு, நான்காவது வாரத்தில், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஓரிடத்தில் விரல் வைத்தால் வலித்தது. தைலம் தேய்த்தேன். ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போட்டேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் தெரியாது என்பதும் நான் படித்ததுதான். பத்து நாள் கழித்து எம்ஆர்ஐயில் விரிசல். மூன்று மாதம் ஓட்டம் இல்லை.

படுத்திருந்தபோதுதான் டாக்டர் பால் பிராண்ட் (Paul Brand) என்பவரைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். 1946-இல் சிஎம்சிக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் சிதைவது நோய் சதையைத் தின்பதால் என்றே அப்போது நம்பினார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, வலி போனதால்தான் பாதம் அழிகிறது என்று அவர் வேலூரில் இருந்த ஆண்டுகளில் கண்டறிந்தார். உணர்வுள்ளவன் நெடுந்தூரம் நடந்தால் அவனை அறியாமலே நடையை மாற்றுவான், எடையைத் தள்ளிப்போடுவான், நொண்டுவான். உணர்வில்லாதவன் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை ஊன்றிக்கொண்டே இருப்பான். பெரிய அடி வேண்டாம், சின்னச் சுமை திரும்பத் திரும்ப விழுந்தாலே திசு புண்ணாகும். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் சிஎம்சியிலும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர் வைத்துச் செருப்பு செய்து கொடுத்தது அந்தப் பாதங்களுக்காகத்தான்.

மாத்திரை போட்டு ஓடிய நான், அந்த நோயாளிகள் எதை இழந்து தவித்தார்களோ அதைக் காசு கொடுத்து அணைத்திருக்கிறேன். போதாததற்கு, வெயிலில் வியர்த்து ஓடும்போது அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

இப்போது என் விதிகள் இவ்வளவுதான். இரு காலும் பொதுவாக வலித்தால் ஓடலாம். ஒரே காலில், விரல் நுனியால் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால் நிறுத்துகிறேன். நொண்டினால் ஆட்டோ பிடிக்கிறேன். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்கிறேன். வாரம் ஒரு நாள் தார்ச்சாலையை விட்டு ஓட்டேரி ஏரிப் பக்கத்து மண்பாதைக்கோ, காய்ந்து கிடக்கும் பாலாற்றின் கெட்டியான ஓரத்துக்கோ போகிறேன். நடு மணலில் ஓடாதீர்கள், குதிகால் தசைநாண் இழுக்கும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஓடலாமா?

பெரும்பாலானவர்கள் ஓடலாம், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் பையில் குளுக்கோஸ் இல்லாமல் தெருவில் கால் வைக்கக் கூடாது. தனியாகவும் ஓட வேண்டாம்.

பாதம் மரத்துப்போயிருந்தால் டாக்டர் பிராண்ட் சொன்னது அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும். வெறுங்கால் ஓட்டம் கூடாது. ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே காலை நுழையுங்கள். ஓடி வந்ததும் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். எங்காவது சிவந்து, அரை மணி நேரம் கழித்தும் மாறாமல் இருந்தால், தொட்டுப் பார்க்கச் சூடாக இருந்தால், நாளைக்கு ஓட்டம் கிடையாது.